நினைவஞ்சலிப் படத்தில் காணாமல்போன தழும்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் உங்கள் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் வலக்கைப் பக்கமாக ஒரு படம் வந்திருந்தது. வெள்ளைச் சட்டை, நேர்வகிடு, மெழுகு பூசினது போன்ற முகம். 25ஆம் ஆண்டு நினைவு என்று போட்டிருந்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். பிறகு மறுபடி விரித்தபோதுதான் பெயர் கண்ணில் பட்டது. எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளிக் குடியிருந்தவர். கிழமையில் நாலு நாள் என் ஸ்டூடியோ வாசலில் போட்டிருந்த வாங்கில் வந்திருந்து பேப்பர் வாசித்தவர். அவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சட்டைக் கொலரை வைத்துத்தான் பிடித்தேன். ஒரு பக்கம் சற்று மடிந்து நிற்கும் அந்தக் கொலர் 1994இல் நான் எடுத்த கலியாண வீடியோ ஒன்றில் இருக்கிறது. பந்திக்குக் கதிரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் கமெராவைக் கண்டு நிமிர்ந்து சிரிப்பார். ஆறேழு விநாடி வரும். உங்கள் பக்கத்தில் வந்தது அந்தச் சிரிப்புத்தான். மூக்கு அவருடையது, வகிடும் அவருடையது. ஆனால் இரண்டு கன்னத்திலும் சின்ன வயதில் அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) விட்டுப்போன குழிகள் ஒன்றுகூட இல்லை. சோதனைச் சாவடி வரிசையில் நிற்கும்போது, "எனக்கென்னத்துக்கு அடையாள அட்டை, அம்மாள் முகத்திலேயே முத்திரை குத்தித்தானே அனுப்பினவ" என்று மெல்லிய குரலில் சொல்லி எங்களைச் சிரிக்கவைப்பார். அந்த முத்திரையைத்தான் யாரோ அழித்திருந்தார்கள்.

யார் என்று விசாரிக்க வீட்டுக்குப் போனேன். கனடாவில் இருக்கும் மகள் போன வருடம் வந்தபோது, அலுமாரியில் கிடந்த அந்தக் கலியாணக் கசட்டை ஒரு கடையில் கொடுத்து, ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) மென்பொருளால் "4கே" என்ற மிகத் தெளிவான பெரிய டிவித் தரத்துக்கு ஆக்கியிருக்கிறார். தகப்பன் போகும்போது அந்தப் பிள்ளைக்கு மூன்று வயது. அசைந்து சிரிக்கும் தகப்பனைப் பெரிய டிவியில் பார்த்ததும் அழுதிருக்கிறார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பிள்ளையின் தாயார் மட்டும் என்னை உள்ளே கூப்பிட்டு, சுவரில் மாட்டியிருந்த அதே படத்தைக் காட்டி, "இவருக்கு அம்மாள் வருத்தமே வந்ததில்லைப் போல இருக்கே, தம்பி" என்றார். மகளிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். பிள்ளை சந்தோசமாக இருக்கிறாள், விடுங்கள் என்றார்.

அந்தக் கசட் எங்கே என்று கேட்டேன். கடையிலேயே விட்டாச்சாம். "4கே ஆக்கியாச்சு, இனி அந்தக் குப்பை எதுக்கு" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நான் போய்க் கேட்டபோது அது நகரசபை வண்டியில் போய் ஐந்தாறு மாதம் ஆகிவிட்டது. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பெடியன் கெட்டவனும் இல்லை. எல்லாக் கடையும் செய்வதைத்தான் அவனும் செய்திருக்கிறான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கிழவனுக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்று வாசிப்பவர்கள் நினைப்பார்கள். நான் 1988இலிருந்து திருகோணமலையில் கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்தவன். தோளில் வைக்கும் பானாசோனிக் கமெராவும், பின்னால் லைட் பிடிக்க ஒரு பெடியனும். கிண்ணியாவில் கலியாணம் என்றால் பாதையில்தான் (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவையில்) போகவேண்டும். 2009இல் பாலம் திறக்கும்வரைக்கும் அதுதான் நிலைமை. கமெராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, உப்புத்தண்ணி தெறிக்காமல் சாரத்தால் மூடிக்கொண்டு போவேன். கரண்ட் நின்றால் ஜெனரேட்டர், ஜெனரேட்டர் நின்றால் பெற்றோல்மக்ஸ். பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் எடுத்த கலியாணங்களைப் போட்டுப் பார்த்தால் மாப்பிள்ளை முகத்தில் மஞ்சள் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கமெராவில் ஓடிய அசல் கசட்டை நாங்கள் வைத்திருப்பதில்லை. இரண்டு டெக்கை (கசட் ஓட்டும் கருவியை) இணைத்து வெட்டி ஒட்டி, பூ விழுகிற எபெக்ட் எல்லாம் போட்டு, வீட்டுக்காரருக்குக் கொப்பி கொடுத்துவிட்டு, அசல் மேலேயே அடுத்த கலியாணத்தைப் பதிந்துவிடுவோம். வெற்றுக் கசட் விலை அப்படி. சத்தத்திலும் கை வைத்தோம். தாலி கட்டும்போது வாசித்த நாதஸ்வரத்தையும், பெரியவர்கள் வாழ்த்தியதையும் எடுத்துவிட்டு அதற்கு மேலே சினிமாப் பாட்டு. இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து, "மாமா, எங்கட அம்மம்மா பேசின சத்தம் இருக்கா?" என்று கேட்கிற பிள்ளைகளுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே கசட்டை எறிந்த பெடியனைத் திட்ட எனக்குத் தகுதி குறைவுதான். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அவன் என்ன செய்தான் என்பது அவனுக்கே தெரியவில்லை.

எங்கள் நாட்டு டிவி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 625 கிடைக்கோடு. அதில் படமாகத் தெரிவது 576. விநாடிக்கு 25 முழுப் படம் என்றாலும், கமெரா எடுப்பது 50 அரைப் படங்கள். முதலில் ஒற்றை எண் கோடுகள், அடுத்து இரட்டை எண் கோடுகள். இரண்டும் ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல. விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். பழைய குழாய் டிவி அதை அப்படியே மாற்றி மாற்றிக் காட்டியதால் கண்ணுக்கு உறுத்தவில்லை. இன்றைய தட்டை டிவியில் இரண்டு அரையையும் ஒன்றாக ஒட்டிப் போட்டால், கையை ஆட்டுகிறவரின் விரல் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரித் தெரியும். பலர் "கசட் பழுதாகிவிட்டது" என்று நினைப்பது இதைத்தான். கசட்டில் ஒரு பழுதும் இல்லை.

அந்தச் சீப்புப் பல்லை எடுப்பதற்குச் சோம்பேறி வழி ஒன்று உண்டு. இரண்டு அரையில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிடுவது. அப்படிச் செய்தால் 576 கோட்டில் 288 கோடுதான் மிஞ்சும், அசைவும் பாதியாகும். கசட்டில் இருந்ததில் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு "4கே" ஆக்குவதற்குக் காசு வாங்குகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் 50 அரைப் படத்திலிருந்து 50 முழுப் படம் எடுக்கலாம். அதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தாலே, ஏ.ஐ. என்ற பேச்சே இல்லாமல், பழைய வீடியோ பாதி உயிர் பெற்றுவிடும்.

சரி, 4கே கணக்குக்கு வருகிறேன். கசட்டைக் கணினிக்கு ஏற்றும்போது ஒரு படம் 720க்கு 576 புள்ளி. மொத்தம் 4 இலட்சத்து 14 ஆயிரத்து 720. அதே பழைய டிவிச் சட்டத்தின் அளவில், 4கே உயரத்துக்குக் கொண்டுபோனால் 2880க்கு 2160. மொத்தம் 62 இலட்சத்து 20 ஆயிரத்து 800. வகுத்துப் பாருங்கள், சரியாக 15 மடங்கு வரும். ஆக 15 புள்ளியில் 14 புள்ளி கசட்டில் இல்லாதவை, இயந்திரம் வைத்தவை. அதுவும் அந்த 4 இலட்சம் புள்ளியும் உண்மையான விபரம் என்று நினைக்கவேண்டாம். வீட்டு விஎச்எஸ் கசட் ஒரு கோட்டுக்குள் பிடித்துவைக்கும் நுணுக்கம் ஏறத்தாழ 240தான். நாங்கள் கொடுத்தது கொப்பி என்பதால் அதிலும் குறைவு. கதிரை இழுத்த அந்த மனிதரின் முகம் என் கசட்டில் நாற்பது கோடு உயரம் இருந்தால் பெரிய காரியம். ஒரு கண்ணுக்கு நாலைந்து கோடு. அதற்குள் அம்மாள் குழி இருந்ததா என்றால், குழியாக இல்லை. ஒரு சொரசொரப்பாக, வெளிச்சம் ஒழுங்கில்லாமல் விழுகிற ஒரு திட்டாக இருந்தது. அவரைத் தெரிந்தவனுக்கு அது போதும். இயந்திரத்துக்கு அது கசட்டின் அழுக்கு. துடைத்துவிட்டது.

முந்தைய காலத்தில் படத்தைப் பெருப்பிப்பதென்றால் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியைப் பார்த்து இடைவெளியை நிரப்புவார்கள். படம் பெரிதாகும், கொஞ்சம் மங்கும், ஆனால் இல்லாத எதுவும் வராது. இப்போதைய ஏ.ஐ. வேறு மாதிரி வேலை செய்கிறது. ஏராளமான நல்ல படங்களை எடுத்து, அவற்றை வேண்டுமென்றே மங்கலாக்கி, சுருக்கி, அழுக்காக்கி, "இந்தக் கெட்டதிலிருந்து அந்த நல்லதுக்குத் திரும்பிப் போ" என்று இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். 2014இலிருந்தே இந்த வழி நரம்பியல் வலையமைப்பு என்ற கணினி முறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 2021இல் வந்த ரியல்-இஎஸ்ஆர்கான் போன்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைப்பதால் இன்று ஒழுங்கைக் கடைவரை வந்துவிட்டது. பழகிய இயந்திரம் மங்கலான ஒரு கன்னத்தைக் கண்டால், தான் பார்த்த ஆயிரம் கன்னங்களில் எது பொருந்தும் என்று பார்த்து வரைகிறது. அது பார்த்த கன்னங்களில் பெரும்பாலானவை வழுவழுப்பானவை.

எங்கள் ஆட்கள் இதற்கு முன்னமே ஒரு வழி வைத்திருந்தார்கள். புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. ஏடு சிதைந்துபோன மற்ற இடங்களில் பதிப்பாசிரியர் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். உ.வே.சாமிநாதையருக்கு அந்த இடத்தில் பொருத்தமாக நாலு வரி பாடத் தெரியாதா என்ன? பாடியிருந்தால் நாங்களும் அதைச் சங்கப் பாட்டென்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்போம்.

கடைகளில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். "எம்.ஜி.ஆர் படமே 4கேயில வருது, என்ர கலியாண வீடியோ ஏன் வராது?" நியாயமான கேள்வி. எம்.ஜி.ஆர், சிவாஜி படங்கள் 35 மில்லிமீற்றர் பிலிமில் எடுத்தவை. நெகட்டிவ் நல்ல நிலையில் இருந்தால், அந்தச் சுருளில் டிவி ஒருநாளும் காட்டியிராத அளவு நுணுக்கம் தூங்கிக் கிடக்கும். நல்ல ஸ்கேனரில் மறுபடி எடுத்தால் அது எழும்பி வரும். அங்கே கீறலைத் துடைப்பதற்கும் நிறத்தைச் சரிசெய்வதற்கும்தான் கணினி. எங்கள் கசட்டில் தூங்க எதுவும் இல்லை. உங்கள் அப்பாவின் 1970ஆம் ஆண்டுக் கலியாணக் கறுப்பு வெள்ளைப் படத்தின் நெகட்டிவ் எங்காவது பெட்டியில் கிடந்தால், அதுதான் உண்மையான 4கே. தேடிப் பாருங்கள்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி என்று யாரும் எண்ணக்கூடாது. மருமகனின் லப்டொப்பில் நானும் செய்து பார்த்தேன். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிறதை 1996இல் எடுத்த கசட் ஒன்று எப்படியோ அழிக்கப்படாமல் என்னிடம் தப்பியிருந்தது. அதில் மூன்று நிமிடத்தைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியும்போதும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் பார்த்தேன், உண்மையில் வாயடைத்துப் போனேன். வீட்டு வாசல்களில் வைத்த நிறைகுடத்தில் மாவிலை இலையிலையாகப் பிரிந்து தெரிந்தது. இது எல்லாமே கற்பனையும் இல்லை. கையில் பிடித்த கமெரா ஒவ்வொரு படத்துக்கும் மயிரிழை அசையும். ஒரு படத்தில் கோட்டுக்கு இடையில் விழுந்து தப்பிய இலையின் ஓரம் அடுத்த படத்தில் கோட்டின் மேல் விழுந்திருக்கும். நாலைந்து படங்களைச் சேர்த்துப் பார்க்கிற மென்பொருள் அதை எடுத்து ஒன்றாக்கும். அது கண்டெடுப்பு.

ஆனால் அதே மூன்று நிமிடத்தில் தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த "நல்வரவு" பதாகையைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. முதல் எழுத்து தமிழ் மாதிரி, நடு எழுத்து மலையாளம் மாதிரி, கடைசியில் சிங்களத்தின் சாயல். இயந்திரத்துக்கு எங்கள் எழுத்துப் பழக்கமில்லை. வளைவைக் கண்டால் வளைவு போட்டது. பின்வரிசையில் நின்ற சனத்துக்கு இன்னும் மோசம். தூரத்து முகங்களெல்லாம் ஒரே கடையில் வாங்கிய பொம்மைகள்போல ஒரே கண், ஒரே மூக்கு. எழுத்துப் பிழைத்தால் உடனே தெரிகிறது. முகம் பிழைத்தால், அந்த ஆளைத் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்வரைதான் தெரியும்.

2020இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு மென்பொருள் செய்தார்கள். மங்கலான முகத்தைக் கொடுத்தால் தெளிவான முகம் தரும். யாரோ ஒபாமாவின் படத்தைச் சிறுசிறு கட்டங்களாக மங்கலாக்கிக் கொடுத்தபோது ஒரு வெள்ளைக்காரரின் முகம் வந்தது. உலகத்துக்கே தெரிந்த முகத்துக்கு அந்தக் கதி. திருக்கடலூர் மீன்வாடியில் வெயிலில் காய்ந்த முகத்துக்கு என்ன நடக்கும்? நினைவஞ்சலிப் படத்தில் என் சிநேகிதர் நிறத்திலும் இரண்டு படி வெளுத்திருந்ததை நான் மேலே எழுதவில்லை.

நீதிமன்றமும் இதைத் தொட்டிருக்கிறது. 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிங் கவுண்டியில், ஒரு கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு கைத்தொலைபேசி வீடியோ ஒன்றை ஏ.ஐ.யால் தெளிவாக்கிச் சாட்சியமாகக் கொண்டுவந்தது. நீதிபதி ஏற்க மறுத்துவிட்டார். எங்கள் ஊரில் கடைச் சந்திக் கமெராவில் பதிந்த திருட்டு வீடியோக்களைப் "தெளிவாக்கி" முகநூலில் போடுகிறவர்கள் இதை ஒருதரம் நினைத்துப் பார்க்கட்டும். இலக்கத்தகடு மங்கலாக இருந்தால், ஏ.ஐ. ஒரு இலக்கத்தை எழுதித் தரும். அந்த இலக்கத்தில் உண்மையிலேயே யாராவது ஓட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் எழுதலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன் மூதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஒரு கசட்டோடு வந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகன் ஒரு சாமத்தியவீட்டில் பந்தி பரிமாறுகிறான். அவரிடம் இருக்கும் கடைசி உருவம் அதுதான். கூட்டங்களுக்கும் விசாரணைகளுக்கும் கையில் பிடித்துக்கொண்டு போக ஒரு படம் வேண்டும் என்றார். "வேற கடையில நல்ல வடிவா எடுத்துத் தருவாங்களாம், நீங்க எடுத்துத் தாங்க தம்பி" என்றார். இயந்திரத்தில் போட்டிருந்தால் நல்ல வடிவான ஒரு பெடியன் வந்திருப்பான். நான் போடவில்லை. சீப்புப் பல்லை எடுத்து, பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஆறைச் சேர்த்து, அவ்வளவோடு நிறுத்தி, மங்கலாகவே அச்சடித்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அவர் முகத்தில் ஏமாற்றம் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

கசட் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது. உங்கள் கசட்டுக்கு இனிக் காலம் இல்லை. டெக் செய்த கடைசிப் பெரிய கம்பனியான யப்பானின் ஃபுனாய் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஊரில் ஓடுகிற டெக்குகளை விரல்விட்டு எண்ணலாம். கடல்காற்றும் மாரிகால ஈரமும் சேர்ந்து நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கும். கசட்டின் கண்ணாடித் துவாரத்தால் பார்த்தாலே சுருளின் ஓரத்தில் தெரியும். அப்படித் தெரிந்தால் தயவுசெய்து டெக்கில் போடாதீர்கள். நாடாவும் போகும், ஹெட்டும் போகும், அடுத்து போடுகிற கசட்டுக்கும் தொற்றும். நல்ல கசட் என்றால், ஏற்றுபவரிடம் மஞ்சள் வயரைத் தவிர எஸ்-வீடியோ வயர் இருக்கிறதா என்று கேளுங்கள். டெக்கில் அதற்கு இடம் இருந்தால் நிறம் பிசிறாமல் வரும். ஏற்றிய அசல் கோப்பை, ஒரு கைவைப்பும் இல்லாமல், முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய கோப்பாக இருக்கும். பென் டிரைவ் போதாது, ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள். அதற்குப் பிறகு 4கே என்ன, 8கே என்ன, விரும்பியதைச் செய்யுங்கள். அசல் இருந்தால், இன்னும் பத்து வருடத்தில் இதைவிட யோக்கியமான மென்பொருள் வரும்போது மறுபடி செய்யலாம். கசட்டையும் எறியாதீர்கள். நிமிர்த்தி வையுங்கள், படுக்கவைக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கித்தான் அனுப்பும். நசுங்கியதை அங்கிருக்கும் பிள்ளை ஏ.ஐ.யில் போட்டு வீங்கவைத்துத் திருப்பி அனுப்பும். என்னிடம் அப்படிச் சுற்றிவந்த வீடியோ ஒன்று இருக்கிறது, மணப்பெண்ணுக்கு ஆறு விரல். டாக்குமென்டாக அனுப்பினால் நசுங்காது. ஊர்த் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, கூத்து என்று பொதுவானவை வைத்திருப்பவர்கள் நூலகம் நிறுவனத்தைத் தொடர்புகொள்ளலாம். 2005இலிருந்து ஈழத்து நூல்களை மின்னூலாக்கி வருகிறவர்கள். ஆவணகம் என்ற பெயரில் ஒலி, ஒளி, படங்களையும் சேர்க்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கம் எத்தனை வீட்டு அல்பங்களும் கசட்டுகளும் கடலோடு போயின என்பது எங்கள் மாவட்டத்தாருக்குத் தெரியும். ஒரு கொப்பி வேறு இடத்தில் இருந்திருந்தால் என்று அன்றைக்கு எத்தனை பேர் சொன்னோம்.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விடயம், ஆசிரியரே. நினைவஞ்சலி, மரண அறிவித்தல் விளம்பரங்களுக்குப் படம் வாங்கும் இடத்தில் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள்: "இது கணினியால் திருத்திய படமா? அசல் இருக்கிறதா?" அசல் இருந்தால் மங்கலாக இருந்தாலும் அதையே போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். குடும்பத்தார் திருத்தியதுதான் வேண்டும் என்றால் அது அவர்கள் விருப்பம், படத்தின் கீழே பொடி எழுத்தில் "கணினியால் மெருகூட்டியது" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். உங்கள் பத்திரிகைப் பக்கத்தை இன்னும் ஐம்பது வருடம் கழித்து யாரோ ஒரு பேரப்பிள்ளை தேடி எடுத்துப் பார்க்கும். மற்றப் பத்திரிகைகளுக்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு செய்தி. அந்த 1994ஆம் ஆண்டுக் கலியாணத்தில் நான் இரண்டு கொப்பி கொடுத்திருந்தேன் என்பது போன கிழமைதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது கொப்பி, மணப்பெண்ணின் அண்ணனுக்கு. அவர் இப்போது மூதூரில் இருக்கிறார். பாலத்தால் போய் வாங்கிவந்தேன். ஒரு ஓரமெல்லாம் பூஞ்சணம். உறையைத் திறந்து, அரிசி போட்ட பிஸ்கட் டின்னில் துணி விரித்து வைத்திருக்கிறேன். இன்னும் பத்து நாள் காயவேண்டும். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் நாடாவை ஒரு முழம் ஒரு முழமாகத் துடைக்கவேண்டும். என்னிடம் இருக்கும் இரண்டு டெக்கில் பழையதைத்தான் இதற்கு விடப்போகிறேன், போனால் போகட்டும். பந்தி வருவது ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு. அதுவரை நாடா அறாமல் ஓடினால் தாயாருக்குச் சொல்லி அனுப்புவேன்.

இப்படிக்கு,
பழைய வீடியோக்காரன்,
உவர்மலை, திருகோணமலை.